மறுபக்கத்துக் குரல்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், குடிபாலா என்றோர் ஊர் உள்ளது. அவ்வழியே திருப்பதிக்குச் சென்ற நம் வாசகர் சிலர் பேருந்தின் சாளரம் வழியே அவ்வூரின் பெயர்ப்பலகையைக் கண்டிருக்கக்கூடும். பலகையில் உள்ள எழுத்து தெலுங்கு. அதன் நிழலில் பேருந்துக்குக் காத்திருப்போர் பலருடைய பேச்சோ தமிழ். 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைவதற்கு முன் இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாக இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960-இல் திருத்தணி மீண்டது, குடிபாலா மீளவில்லை. இவ்வரலாற்றை இங்கே விரிக்க யாம் எண்ணவில்லை. பின்வரும் செய்தி விளங்குவதற்கு ஒன்றை மட்டும் கூறி அமைகிறோம். எம் ஊரில் பலருக்குத் தமிழ் நாவில் உண்டு, கையில் இல்லை. பள்ளியில் தெலுங்கெழுத்தைக் கற்றோம். வீட்டில் தமிழில் பேசினோம். எம் தந்தையைப் பெற்ற ஆயாவுக்கோ இரண்டு எழுத்தும் தெரியா. (பாட்டியை ஆயா என்பது எங்கள் பக்கத்து வழக்கு.) அவர் இவ்வுலகில் விட்டுச் சென்ற தமிழ் முழுவதும் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

எம் தந்தையார் 1983-இல் குவைத்துக்குப் பிழைக்கச் சென்றார். அந்நாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் வீடுகளில் கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் பரவியிருந்தது. கடிதம் எழுதுவதென்றால் எழுதத் தெரிந்த ஒருவரை நாட வேண்டும். அவர் முன்னிலையில் வீட்டுச் செய்தியெல்லாம் சொல்ல வேண்டும். தொலைபேசியோ ஊருக்கு ஒன்றிருந்தாலே அரிது. ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட சிறு கேசட்டு, எழுத்தறியாத தாய்மார்க்கு அஞ்சலட்டை ஆயிற்று. 1987-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் எம் ஆயாவும் அவ்வாறு ஒரு கேசட்டில் பேசினார். பக்கத்து வீட்டாரிடம் டேப்ரிகார்டரை இரவல் பெற்று, பொத்தானை அழுத்தும் பொறுப்பை ஒன்பது வயதுச் சிறுவராக இருந்த எம்மிடம் ஒப்படைத்தனர். பக்கத்துக்கு முப்பது நிமிடமாக ஒரு மணி நேரம் ஓடும் கேசட்டு அது. குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம்.

தந்தையார் அன்றிரவே அதைப் போட்டுக் கேட்டார். பத்து நிமிடம் ஓடியதும் நாடா எந்திரத்தில் சிக்கி அறுந்தது. மறுநாள் ஒரு கடையில் ஒட்டிக் கொடுத்தனர். அதன் பிறகு முதற்பத்து நிமிடம் மட்டுமே ஆயாவின் பேச்சு. எஞ்சியது கிணற்றுக்குள் யாரோ முனகுவது போன்றதோர் ஓசை. மறுபக்கத்திலும் முதல் இருபது நிமிடம் அதே முனகல்; கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தெளிவு. ஒரு மணி நேரப் பேச்சில் நாற்பது நிமிடம் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். 1988 பங்குனியில் ஆயா காலமானார். தந்தையாரால் வந்து முகம் பார்க்க இயலவில்லை.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த நம் நாட்டவர் பெருந்தொகையினர் பாலைவழியே ஜோர்டான் நாட்டு அம்மான் நகரை அடைந்து, ஏர் இந்தியா விமானங்களில் பம்பாய் சேர்ந்தனர். அக்டோபர் வரை நடந்த அப்பணியில் ஏறக்குறைய 1,70,000 பேர் தாயகம் மீண்டனர் என்பது வரலாறு. அவர்களுள் எம் தந்தையாரும் ஒருவர். ஏழாண்டு உழைப்பில் சேர்த்த பொருள்களை விட்டுவிட்டு ஒரு தோட்பையுடன் வந்தார். அப்பையில் இக்கேசட்டு இருந்தது. பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்தது.

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தோம். தம்பியின் மகன் பெட்டியைக் குடைந்து அதை வெளியே எடுத்தான். கேசட்டு என்பதையே புதுமையாகப் பார்க்கும் பருவம் அவனுக்கு. சித்தூரில் ஒருவரிடம் பழைய ஒலிப்பான் ஒன்றை வாங்கி வந்து போட்டான். ஆயாவின் குரல் எழுந்தது. வீட்டார் அனைவரும் கூடினோம். பத்தாம் நிமிடத்தில் முனகல் தொடங்கிற்று. “அது அப்பவே கெட்டுப் போச்சிப்பா, வுட்டுடு” என்று சொல்லிவிட்டுத் தந்தையார் எழுந்து கொல்லைப்புறம் சென்றார்.

பையன் விடவில்லை. காதை ஒலிப்பானில் ஒட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தவன், “பெரியப்பா, உள்ளே யாரோ ‘ஆயா, ஆயா’ன்னு கூப்பிடறாங்க” என்றான்.

யாம் நம்பவில்லை. நம்பாமைக்குக் காரணமும் இருந்தது. பொருள் விளங்காத ஓசையில் மனிதன் தான் விரும்பிய சொல்லைக் கேட்டுவிடுவான் என்பது ஆய்ந்து கண்ட உண்மை. மேனாட்டில் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றி, அவற்றில் மறைமொழிகள் ஒளிந்துள்ளன என்று பலர் நெடுங்காலம் அஞ்சினர். பீட்டில்ஸ் குழுவினர் 1966-இல் ஒரு பாட்டின் இறுதியில் தம் குரலையே பின்னோக்கிச் சேர்த்தனர். அவர்கள் விளையாட்டாகச் செய்தது, பிறரால் பேயாகவும் பிசாசாகவும் வளர்க்கப்பட்டது. 1990-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஓர் இசைக்குழுவின் மீது இவ்வகைக் குற்றச்சாட்டுடன் வழக்கே நடந்து, தள்ளுபடியாயிற்று. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோக்கி, ரீட் என்னும் உளவியலார் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. பின்னோக்கி ஒலிக்கும் பேச்சைக் கேட்பவர், பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் கூறிவிடுகிறார். எந்த மொழி என்பதைக்கூட ஓரளவு கூறிவிடுகிறார். பொருளைமட்டும் அறிவதில்லை. ஆனால் “இந்தச் சொல் வரும், கேளுங்கள்” என்று முன்னரே சொல்லிவைத்தால், இல்லாத சொல்லும் அவர் காதில் விழுந்துவிடுகிறது. பையன் “ஆயா” என்று சொன்ன பிறகு எமக்கும் அது கேட்கத் தொடங்கியது. அதனாலேயே எம் காதை யாம் நம்பவில்லை.

எம்மைத் திருப்பியது வேறோர் ஓசை. அம்முனகலின் ஊடே, சீரான இடைவெளியில், ஏதோ ஒன்று ஒன்றுமில்லாமையிலிருந்து மெல்ல எழுந்து, பெருகி, உச்சத்தை அடைந்தவுடனே வெட்டுண்டாற்போல் அற்றுப்போயிற்று. இயற்கையில் எந்த ஓசையும் அவ்வாறு நிகழ்வதில்லை. மணி அடித்தால் முதலில் ஓங்கிப் பின் தேயும், பறையும் அவ்வாறே, கதவைச் சாத்தினாலும் அவ்வாறே. தேய்வு முன்னும் அடி பின்னுமாக வருமாயின் காலம் தலைகீழாக ஓடுகிறது என்று பொருள். அது உலக்கையின் இடி என்பது எமக்குச் சட்டென்று புலனாயிற்று. ஆயா பேசிய அன்று திண்ணையின் மறுபுறம் அத்தை கேழ்வரகு இடித்துக்கொண்டிருந்தார். பையனை அழைத்து, “இதைக் கணினியில் ஏற்றித் திருப்பிப் பார்” என்றோம்.

வாசகர்களின் இல்லங்களிலும் இத்தகைய கேசட்டுகள் இருக்கலாமாதலால் செய்முறையைச் சற்று விளக்குவோம். ஒலிப்பானில் காதணிக் கருவியைச் செருகும் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலிவாங்கித் துளைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கணினியில் ஆடாசிட்டி என்னும் மென்பொருள் வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மசோனி, டான்னன்பர்க் என்னும் இருவர் 1999-இல் தொடங்கி மறு ஆண்டு வெளியிட்ட இது இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. நாடாவை ஓடவிட்டுப் பதிவு செய்து, பதிந்த பகுதியைத் தெரிந்தெடுத்து, விளைவுகள் என்னும் பட்டியலில் ‘ரிவர்ஸ்’ என்பதை அழுத்தினால் போதும். பழைய விண்டோஸ் கணினிகளில், எக்ஸ்பி காலம் வரையில், ஒலிப்பதிவுக்கென்று உடன் வந்த சிறு கருவியிலேயே இவ்வசதி இருந்தது. நாடாவிலோ இசைத்தட்டிலோ இதைச் செய்ய எந்திரத்தையே எதிர்த்திசையில் ஓட்ட வேண்டியிருந்த காலம் போய், இன்று இது ஒரு நொடிப் பணி ஆயிற்று.

எங்ஙனம் இது இத்துணை எளிதாயிற்று என்று கேட்கலாம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. கணினி அவ்வதிர்வை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. 1982-இல் வந்த குறுந்தட்டு இவ்வளவை நிலைநாட்டியது. மனிதச் செவிக்கு எட்டும் மிக நுண்ணிய சுருதியையும் காட்ட இது போதும். முப்பது நிமிடப் பேச்சு, இக்கணக்கில், 7 கோடியே 93 இலட்சத்து 80 ஆயிரம் எண்கள். பின்னோக்கி ஒலிக்கச் செய்வதாவது, இவ்வரிசையைக் கடைசி எண்ணிலிருந்து முதலெண் வரை மறித்து எழுதுவது. எந்த எண்ணும் கூடுவதில்லை, குறைவதில்லை. மறுமுறை திருப்பினால் பழைய நிலை. கைப்பேசியில் நம் பிள்ளைகள் அனுப்பும் குரற்செய்தி மட்டும் இவ்வாறு நேரிய எண்வரிசையாக இராது. சுருக்கிக் கட்டிய பொட்டலங்களாக இருக்கும். அதனை அவிழ்த்து விரித்த பிறகே திருப்ப முடியும். அவ்வேலையையும் மென்பொருள் தானே செய்துகொள்ளும்.

பையன் பொத்தானை அழுத்தினான். மிக மங்கிய ஒலியாயினும் உலக்கை இப்போது முறைப்படி இடித்தது. ஒரு பெண்ணின் குரல், போர்வைக்குள்ளிருந்து வருவது போல், “அந்தப் பக்கம் திருப்பிட்டியாடா? ஓடுதா?” என்று கேட்டது. ஒரு சிறுவன் “ஓடுது ஆயா” என்றான்.

அச்சிறுவன் யாமே. கேசட்டின் மறுபக்கம் தொடங்கிய அந்த நொடி எமக்கு நினைவுக்கு வந்தது. முன்பக்கம் ஓடும்போது மறுபக்கத்தின் தொடக்கம், அதுவும் பின்னோக்கி, எவ்வாறு கேட்கும்? நாடாவை ஒட்டிய விதத்தில் விடை இருந்தது. கேசட்டு நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் ஒரு பாதியில் ஒருபக்கத்துப் பேச்சும், மற்றொரு பாதியில் மறுபக்கத்துப் பேச்சும் எதிரெதிர்த் திசையில் பதிந்திருக்கும். ஒரே சாலையில் இரு திசையிலும் வண்டிகள் செல்வது போல. அறுந்த நாடாவை ஒட்டியவர், ஒரு துண்டை அறியாமல் புரட்டி வைத்து ஒட்டிவிட்டார். புரண்டதனால் மேற்பாதி கீழும் கீழ்ப்பாதி மேலுமாயின. பத்தாம் நிமிடம் வரை சரியான தடத்தில் சென்ற எந்திரம், ஒட்டிய இடத்தைத் தாண்டியதும் எதிர்த்தடத்தில் இறங்கிப் பின்னோக்கி நடந்தது.

மங்கலுக்கும் காரணம் அதுவே. காந்தப்பொடி பூசிய முகம் வெளிப்புறம் நோக்கி எந்திரத்தின் காந்தமுனையைத் தொட்டுச் செல்ல வேண்டும். புரண்ட நாடாவில் பிளாஸ்டிக் முதுகு முனையைத் தொட, பொடி அப்பால் நின்றது. அவ்விடைவெளி ஒரு மயிரிழையிலும் குறைவு. எனினும் கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே உயர்ந்த சுருதிகள் அதில் மிக நுண்ணிய அலைகளாகவே பதிகின்றன. அந்த மெல்லிய திரையே அவற்றை விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதிகள் மட்டும் ஊடுருவி வரும். உலக்கை கேட்டதும் சொற்கள் கேளாததும் இதனால்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கெட்டுப்போனதென்று கிடந்த நாற்பது நிமிடத்தில் ஒரு நொடியும் கெடவில்லை. நாடா புரண்டிருந்தது, அவ்வளவே.

கேசட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, ஒட்டிய இடத்தை வெட்டி, புரண்ட துண்டை நேராக்கி மீண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கென்றே தனி நாடா உண்டு. கண்ட பசையைத் தடவினால் அடுத்த சுற்றும் ஒட்டிக்கொண்டு எஞ்சியதும் பாழாகும். எம்மிடம் இருந்த கேசட்டின் கூடு திருகாணி இல்லாதது, உருக்கி ஒட்டப்பட்டது. ஆதலின் உடைத்து வேறு கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டியதாயிற்று. கூடும் ஒட்டு நாடாவும் வேலூரிலிருந்து வருவதற்கு நான்கு நாள் ஆயின. தந்தையாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலை பிழைத்துவிட்டால் மறுமுறையும் அவர் இழக்க நேருமே என்ற அச்சம்.

அந்நான்கு நாளும் பையனும் அவன் தோழர்களும் கணினியை விட்டு அகலவில்லை. தத்தம் பெயரைச் சொல்லிப் பதிவதும் திருப்பிக் கேட்டுச் சிரிப்பதுமாக இருந்தனர். ஒரு பிள்ளை ‘மாமா’ என்று சொல்லித் திருப்பினான். கணினி ‘ஆமாம்’ என்றது. ‘ஆமாம்’ என்று சொல்லித் திருப்பினால் ‘மாமா’ வந்தது. வீடே கலகலத்தது. அடுத்து, பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல் என்று நாமெல்லாம் இளமையில் கேட்ட ‘விகடகவி’யைச் சொன்னார்கள். கணினி அதனை விகடகவியாகத் திருப்பித் தரவில்லை. ‘இவகடகிவ்’ என்பது போல் ஏதோ உளறியது. எந்திரம் பழுதோ என்று பிள்ளைகள் எம்மைப் பார்த்தனர்.

எந்திரம் பழுதன்று. விகடகவி எழுத்தால் மாலைமாற்று, ஒலியால் அன்று. ‘வி’ என்பது கண்ணுக்கு ஓரெழுத்து. காதுக்கு வகரமும் இகரமும் ஆகிய இரண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் வரையறுத்திருக்கிறார். ஒலியைத் திருப்பும்போது உயிர் முன்வந்து மெய் பின்செல்கிறது. ‘கே’ என்று எழுதும்போது ஏகாரக் குறியைக் ககரத்துக்கு முன்னால் இடுகிறோம்; ஆனால் நா எப்போதும் ககரத்தையே முதலில் சொல்கிறது. இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்தே கற்றிராத எம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நாழிகையில் கணினி கற்பித்துவிட்டது. புலவர்கள் மாலைமாற்றைச் சித்திரகவி வகைகளுள் ஒன்றாக வைத்தனர். தண்டியலங்காரம் அதனைக் கூறும். திருஞானசம்பந்தர் சீகாழியின் மீது பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. பதினொரு பாட்டும் முன்னும் பின்னும் ஒன்றே. காஞ்சிபுரத்தை அடுத்த அரசாணிப்பாலையைச் சேர்ந்த வேங்கடாத்வரி, நேரே படித்தால் இராமன் கதையும் திருப்பிப் படித்தால் கண்ணன் கதையுமாக வடமொழியில் ஒரு நூலே செய்தார். இவையெல்லாம் ஏட்டையும் எழுத்தையும் கண்முன் வைத்துச் செய்த அருஞ்செயல்கள். ஒலியைத் திருப்பிக் கேட்க 1877-இல் எடிசனின் பேசும் பொறி பிறக்கும் வரை எவருக்கும் வழியில்லை.

ஆராய்ச்சியாளர் இத்திருப்பத்தை மனித மூளையை அறியவும் கருவியாகக் கொண்டுள்ளனர். 1999-இல் சபேரி, பெராட் என்னும் இருவர், பேச்சை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, வரிசை மாற்றாமல், ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்திலேயே திருப்பி வைத்தனர். துண்டு ஒரு நொடியில் இருபதிலொரு பங்கு அளவினதாக இருந்தபோது கேட்டவர்க்குப் பொருள் சிதையவில்லை. பேச்சு நன்றாகவே விளங்கியது. துண்டு அதைவிட நீள நீளப் பொருள் கலையத் தொடங்கியது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் டச்சு மொழிப் பேச்சையும் ஜப்பானியப் பேச்சையும் வேறுபடுத்தி உணர்கின்றன என்றும், அப்பேச்சையே பின்னோக்கி ஒலித்தால் அவ்வேறுபாட்டை உணர்வதில்லை என்றும் 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. பேசத் தொடங்குமுன்னரே குழவி, வாயிலிருந்து பிறக்கும் ஒலி எப்பக்கம் ஓட வேண்டும் என்று அறிந்திருக்கிறது போலும்.

பிள்ளைகளின் விளையாட்டால் எமக்கும் ஒரு விடை கிடைத்தது. அம்முனகலில் ‘ஆயா’ மட்டும் ஏன் கேட்டது? உறவுப் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ‘தாத்தா’ உருமாறி ‘ஆத்தாத்’ ஆயிற்று. ‘அப்பா’, ‘அக்கா’ என்பன உயிரில் தொடங்கி உயிரில் முடிவதால் ஓரளவு தப்பின. ஆயினும் குறிலும் நெடிலும் இடம் மாறின. அன்றியும், பகரமும் ககரமும் வல்லினம்; வாயை அடைத்துத் திறப்பதால் பிறப்பவை. திருப்பியபோது திறப்பு முந்தி அடைப்பு பிந்தி, யாரோ விக்குவது போல் கேட்டன. ‘அம்மா’ ‘ஆம்ம’ ஆயிற்று. ‘ஆயா’ ஒன்றுதான் ஆயாவாகவே நின்றது. இருபுறமும் ஆகாரம், நடுவே யகரம், அடைப்பும் வெடிப்பும் இல்லாத இடையினம். எழுத்தால் அன்று, ஒலியால் மாறாத சொல் அது. எம் காது எம்மை ஏமாற்றவில்லை என்றும், பையன் கேட்டது மெய்யே என்றும் அப்போது துணிந்தோம்.

ஐந்தாம் நாள் மாலை நாடா நேராயிற்று. தந்தையாரை அழைத்து நாற்காலியில் அமரச் செய்தோம். முதற்பத்து நிமிடம் அவருக்கு மனப்பாடம். சில இடங்களில் ஆயாவுக்கு முன்னரே உதடசைத்தார். ஒட்டிய இடம் வந்தது. முனகலை எதிர்பார்த்து எழ முற்பட்டவர், பேச்சு தொடர்வதைக் கேட்டு அப்படியே அமர்ந்துவிட்டார்.

ஆயா பேசியவை பெரிய செய்திகள் அல்ல. கிணற்றில் தூர் வாரியது, வெல்லம் சித்தூர் மண்டியில் என்ன விலைக்குப் போனது, செவலைப் பசு ஈன்ற கன்று, எவர் எவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. கன்றுக்குத் தந்தையாரையே பெயர் வைக்கச் சொன்னார். முதற்பக்கம் முடிந்தது. பையன் திருப்பிப் போட்டான். “அந்தப் பக்கம் திருப்பிட்டியாடா? ஓடுதா?” என்று இம்முறை தெளிவாகக் கேட்டது. உலக்கை இடித்தது. பிறகு ஆயாவின் குரல் தாழ்ந்தது.

“நெஞ்சு வலிக்குதுன்னு வேலூருக்கு இட்டுக்கினு போயாந்தாங்க, நைனா. மாத்திரை குடுத்திருக்காங்க. யாருகிட்டயும் உனக்கு எழுத வேணாம்னுட்டேன். நீ இந்தப் பொங்கலுக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போ. காசு கெடக்குது.”

அதன் பிறகு மீண்டும் கன்றைப் பற்றியே பேசினார்.

தந்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பையன் நிறுத்தப் போனான். வேண்டா என்று கையசைத்தார். நாடா முழுதும் ஓடி முடிந்து பொத்தான் தானே துள்ளி எழுந்த பின்னர்ப் பேசினார். அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அவருக்கு விடுமுறை முறை வந்திருந்தது. உடன் வேலை செய்த ஒருவர் தங்கையின் திருமணம் என்று கேட்கவே அவருக்கு விட்டுக் கொடுத்தாராம். கேசட்டு அறுந்ததை ஊருக்குத் தெரிவித்தால் தாய் மனம் வருந்துவாள் என்று, பக்கத்து அறையில் இருந்தவரைக் கொண்டு தெலுங்கில் கடிதம் எழுதுவித்தாராம்.

“முழுசாக் கேட்டேம்மான்னு எழுதிட்டேன்” என்றார்.

யாம் என்ன சொல்ல முடியும்? அக்கடிதத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டிய இரவு எமக்கு நினைவிருக்கிறது. படித்தவர் பக்கத்து வீட்டு வாத்தியார். ஆயா அதைக் கேட்டு, சரி என்று தலையசைத்து, கடிதத்தை வாங்கி அரிசிப் பானைக்கடியில் வைத்தார். பொங்கல் வந்தது. மகன் வருவான் என்றோ வரவில்லையே என்றோ அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதைத் தந்தையாரிடம் சொல்லலாமா என்று அன்றிரவு முழுதும் எண்ணினோம், சொல்லவில்லை. இவ்விதழ் குடிபாலாவுக்கும் செல்கிறது; தம்பி அதைப் படித்துக் காட்டும்போது அவர் அறிந்துகொள்வார். நேரில் சொல்ல எமக்கு நா எழவில்லை என்பதையும் அறிந்துகொள்வார்.

பையன் இரு பக்கத்தையும் கணினியில் ஏற்றித் தாத்தாவின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்துவிட்டான். தம்பி தொலைபேசியில் சொல்வதைக் கேட்டால், நாள்தோறும் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் அமர்ந்து கேட்கிறாராம். பெரும்பாலும் மறுபக்கத்தையே போடுகிறாராம். யாம் ஊரிலிருந்து புறப்பட்ட நாளிலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஆயா கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, சிறுவன் இடையில் புகுந்து “ஆயா, ஆயா” என்று ஓயாமல் கூப்பிட்டான். “சும்மா இருடா, உங்கப்பன்கிட்டப் பேசிக்கினு கீறேன்” என்று ஆயா அதட்டினார்.

தந்தையார் எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்பப் பாரு குறுக்கப் பேசறது” என்றார்.